ஆனி ஆடியில் அமெரிக்கா: மானாவாரிச் சீமையும் பருவகால வெளிநாட்டு வேலையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்குப் போகிற சாலையில் ஆனி மாதத்தில் பயணம் செய்தால் காட்டில் ஆள் நடமாட்டத்தைக் காண்பது அரிது. மானாவாரிக்கு அது சும்மா கிடக்கும் காலம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசியில் விதைப்பார்கள். கம்பு, சோளம், உளுந்து, குதிரைவாலி எல்லாம் தையை ஒட்டி வீடு வந்து சேரும். மல்லி, பருத்தி, மிளகாய் பங்குனி வரைக்கும் இழுக்கும். சித்திரையில் ஒரு மழை விழுந்தால் கோடை உழவு ஓட்டிப் போடுவார்கள். அதோடு சரி. ஆவணி முடிகிற வரைக்கும் கரிசலில் கை வைக்க வேலை கிடையாது. கண்மாயில் தண்ணீர் இராது. காற்று மட்டும் அடிக்கும். வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் போடுவார்கள். மற்றவர்கள் நூற்பாலைக்கும் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் கிளம்பிவிடுவார்கள்.

அதே ஆனி, ஆடி மாதங்களில்தான் அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மெய்ன், நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் ஏரிக்கரைகளில் பிள்ளைகளை வாரக்கணக்கில் தங்கவைக்கும் முகாம்கள் நடக்கும். நீச்சல், படகு, வில்வித்தை, கைவினை, பாட்டு, இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்காருவது என்று பொழுது போகும். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் இளைஞர்கள் போதாமல் வெளிநாடுகளிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். கோவிட் ஆண்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆண்டுதோறும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஜே-1 விசாவில் முகாம் வழிகாட்டிகளாகப் போய்வருகிறார்கள். பிரிட்டன், மெக்சிகோ, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்கள் ஏராளம். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் குறைவு; தென்தமிழகத்துச் சிற்றூர்களில் இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது.

இங்கே வேலையில்லாத மாதமும் அங்கே ஆள் தேவைப்படும் மாதமும் இப்படி ஒன்றாக அமைந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒரு கேள்வி எழும். நம் ஊர்ப் பையனோ பெண்ணோ ஒரு பருவம் போய்வந்தால் என்ன? விசா விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஒரு பருவத்துக்கென்று கடல் தாண்டிப் போகிற பழக்கம் இந்தப் பழைய ராமநாதபுரம் சீமைக்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. போனவர்கள் திரும்பினார்களா, திரும்பும்போது கையில் ஏதாவது இருந்ததா என்பதைத் தீர்மானித்தது அவர்களுடைய உழைப்போ திறமையோ இல்லை. புறப்படும் செலவை யார் போட்டார்கள் என்பதுதான். காப்பித் தோட்டத்திலிருந்து துபாய் வரைக்கும் இது மாறவில்லை. முகாம் வேலையையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். 1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற தலைமை ஆசிரியர் தன் பள்ளிப் பையன்களைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். அமெரிக்க முகாம்களின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் வந்தது மிகவும் பிந்தி. 1961ஆம் ஆண்டின் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கென்று ஒரு வழி திறந்தது. ஜே விசா அதன்கீழ் வருவது. 1969இல் தொடங்கிய கேம்ப் அமெரிக்கா போன்ற ஏற்பாட்டு நிறுவனங்கள் அந்த வழியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிப்போயின. ஆக, சட்டத்தின் கண்ணில் இது கூலி வேலை கிடையாது, பரிமாற்றம்.

விதிகள் நன்றாகவே இருக்கின்றன. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். மாணவராகவோ ஆசிரியராகவோ இளைஞர் பணியில் இருப்பவராகவோ ஏதாவது தனித்திறன் உடையவராகவோ இருக்க வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும். எந்த முகாம் என்பது நாட்டைவிட்டுக் கிளம்புமுன்பே முடிவாகியிருக்க வேண்டும். அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார். நான்கு மாதத்துக்கு மேல் தங்க முடியாது, நீட்டிப்பு இல்லை. சமையல், பாத்திரம் கழுவுதல், துப்புரவு ஆகிய வேலைகளுக்கு இந்தப் பிரிவில் ஆள் எடுக்கக் கூடாது. அதே முகாமில் வேலை பார்க்கும் அமெரிக்க இளைஞருக்கு நிகரான ஊதியமும் வசதியும் தர வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது ஒரு லட்சம் டாலர் வரை மருத்துவச் செலவு தாங்கும் காப்பீடு கட்டாயம். அரசு அங்கீகரித்த ஏற்பாட்டாளர்கள் மட்டுமே இதற்கான டிஎஸ்-2019 படிவத்தைத் தர முடியும். அவர்களுடைய பட்டியல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.

வேலை இலேசு இல்லை. ஒரு மரக்குடிலில் எட்டோ பத்தோ பிள்ளைகள், அவர்களோடு ஒன்றிரண்டு வழிகாட்டிகள். காலையில் எழுப்புவது, பல் துலக்கவைப்பது, சாப்பிடவைப்பது, விளையாட்டுக்குக் கூட்டிப்போவது, சண்டையை விலக்குவது, வீட்டு ஞாபகத்தில் அழுகிற பிள்ளையைத் தேற்றுவது, இரவில் படுக்கை நனைத்த பிள்ளையை மற்றவர்கள் அறியாமல் உடை மாற்றிவிடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு கிடைக்கும். பல முகாம்களில் கைபேசியை வேலை நேரத்தில் தொடக்கூட விடுவதில்லை. ஒரு பிள்ளையோடு தனியறையில் தனியாக இருக்கக் கூடாது என்பது போன்ற பாதுகாப்பு விதிகளை முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மீறினால் அன்றே வெளியேற்றம். காவல்துறையின் நன்னடத்தைச் சான்று இல்லாமல் யாரையும் எடுப்பதில்லை. திருச்சுழிப் பக்கத்துக் கிணறுகளில் தலைகீழாகக் குதித்து நீந்திப் பழகியவருக்கு அமெரிக்க ஏரி ஒரு பொருட்டில்லைதான். ஆனால் அங்கே நீச்சல் பொறுப்பு வேண்டுமென்றால் உயிர்காப்பாளர் சான்றிதழ் கேட்பார்கள். கிணறு சான்றிதழ் தராது.

இனிக் காசுக் கணக்கு. இதில்தான் விளம்பரங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. கோடை முகாம்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அதனால் வழிகாட்டிக்கு மணிக்கணக்குக் கூலி கிடையாது. ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. சாப்பாடும் தங்குமிடமும் முகாமின் பொறுப்பு. முதல் ஆண்டு போகிறவருக்கு ஒன்பது பத்து வாரத்துக்கு இரண்டாயிரம் டாலர் அளவில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய் என்றால் 1,70,000 ரூபாய். விசாக் கட்டணம் 185 டாலர், மாணவர்-பரிமாற்றப் பதிவுக் கட்டணம் 35 டாலர், இரண்டும் சேர்ந்து 18,700 ரூபாய். ஜூன் மாத விமானக் கட்டணம் போகவர லட்சத்துக்குக் குறையாது. ஏற்பாட்டாளரின் கட்டணம் சில நூறு டாலர். சென்னைத் துணைத்தூதரக நேர்காணலுக்குப் போய்வரும் செலவு, மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு அலைந்த செலவு எல்லாம் கூட்டினால் ஒன்றரை லட்சத்தைத் தொட்டுவிடும். மிஞ்சுவது இருபதாயிரம்.

அந்த இருபதாயிரமும் ஒன்றரை லட்சத்தைச் சொந்தக் கையிலிருந்து போட முடிந்தவருக்குத்தான். பணம் தையிலோ மாசியிலோ வெளியே போகும். திரும்பி வருவது ஆவணியில். ஏறக்குறைய ஆறு மாதம் முடங்கும். அதை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய், ஆறு மாதத்துக்கு 27,000. அமெரிக்காவுக்குப் போய், பத்து வாரம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு, ஏழாயிரம் ரூபாய் நட்டத்தோடு மாட்டுத்தாவணியில் பஸ் ஏற வேண்டும். வட்டிக்கடைக்காரர் இருந்த இடத்திலேயே சம்பாதித்துவிடுவார்.

இந்தச் சீமை இந்தக் கணக்கை ஏற்கெனவே ஒருமுறை, மிகப் பெரிய அளவில், போட்டுப் பார்த்திருக்கிறது. 1830களில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் மாதங்களில்தான் கூட்டம் வேண்டும். ராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ராமேசுவரம் கரையிலும் தொண்டியிலும் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டின் வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்தப் பாதையில் செத்தவர்கள் ஏராளம். தப்பிப் போய்ச் சேர்ந்தவர்கள் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அப்போது அது உண்மையிலேயே பருவ வேலையாகத்தான் இருந்தது. ஊரில் மழை பொய்த்த ஆண்டில் அதிகம் பேர் போனார்கள். நல்ல விளைச்சல் ஆண்டில் தோட்டத்துரைகள் ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற அதிகாரத்தில் கொஞ்சமாவது கூலிக்காரர் கையில் இருந்தது.

1869இல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து அந்த இடத்தில் தேயிலை ஏறியது. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. கொழுந்து மாதம் தவறாமல் கிள்ள வேண்டும். துரைகளுக்கு இப்போது நிரந்தரமாகத் தங்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன. இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வறுத்தெடுத்தது. ஊரில் இருந்தால் சாவு என்று ஆனபோது, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி சொன்ன எந்த நிபந்தனைக்கும் மறுப்பில்லை.

கங்காணி முறையின் உயிர்நாடி முன்பணம். துரை பெரிய கங்காணிக்குப் பணம் கொடுப்பார். கங்காணி அதைக் கொண்டுவந்து ஊரில் இருக்கிற பழைய கடனைத் தீர்ப்பார், வழிச்செலவுக்குக் கொடுப்பார், ஒரு வேட்டியும் சேலையும் எடுத்துக் கொடுப்பார். எல்லாம் கூலிக்காரர் பெயரில் பற்று எழுதப்படும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன்காரர். கடன் இருக்கும்வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புதிய தோட்டத்தார் கடனைக் கட்ட வேண்டும்; கடன் தொகையைக் குறித்துப் பழைய தோட்டத்தில் ஒரு ‘துண்டு’ எழுதிக் கொடுப்பார்கள். ஆளோடு கடனும் கைமாறும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் இரண்டு தலைமுறை அதில் கழிந்துவிட்டது. எத்தனை பேர் வேலைக்கு நின்றார்களோ அத்தனை பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் திரும்பிப் போனால் அவருக்கு நட்டம். இப்படி ஓர் ஏற்பாட்டில் ஒரு பருவத்துக்கென்று போனவர் எப்படித் திரும்புவார்?

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஏற்பாடுகள் சீராயின. தோட்ட எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள்; வழிச்செலவைத் தோட்டமே ஏற்றது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து ரயிலும் கப்பலும் இணைந்தன. மண்டபத்தில் முகாம் அமைந்தது. கொழும்புக்குப் போகிறவர்களை அங்கே ஒரு வாரம் வரை தங்கவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. எல்லாம் நல்ல சீர்திருத்தங்கள்தான். ஆனால் கடன் முதலில், வேலை பிறகு என்ற வரிசையை அவற்றில் ஒன்றும் முழுதாகப் புரட்டவில்லை. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதையே தடைசெய்தது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும் என்று பங்கு பிரித்தது. விடுபட்ட 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூன்று நான்கு தலைமுறை கழித்து மண்டபத்தில் வந்து இறங்கியவர்களில் பலருக்குத் தாத்தாவின் ஊர்ப்பெயர் தெரியும், ஊர் தெரியாது. பறிப்பு முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று முன்னோர் தொடங்கிய பயணம் அது.



பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் கதையை இங்கே விரிக்கவில்லை. 1942இல் ஜப்பான் படையெடுப்பின்போது ரங்கூனிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்களின் துயரம் தனிக் கட்டுரை கேட்கும்.

பிறகு வந்த வளைகுடா வேலை பருவ வேலை அல்ல. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம். இருந்தாலும் கணக்கு அதேதான். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீட்டில் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் பத்து லட்சம் வரை பாதுகாப்பு. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் லட்சத்துக்குக் கீழே விசா வந்ததாகச் சொல்ல மாட்டார்கள். பதிவுபெற்ற ஏஜென்டுக்குக் கீழே ஒரு புரோக்கர், அவருக்குக் கீழே சொந்தக்காரர் ஒருவர் என்று படி இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் ஒரு தொகை. முதல் ஆண்டுச் சம்பளம் கடனுக்கே சரியாகிவிடுகிறது. கழுத்தில் தொங்கிய தகரத் துண்டுதான் இப்போது இல்லை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்கிறார். அது சட்டப்படி தவறு என்பது அங்கிருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அண்மையில் வேறு சில வாசல்களும் திறந்திருக்கின்றன. பிரிட்டன் 2019 முதல் பழப் பண்ணைகளுக்கு ஆறு மாத விசா கொடுத்து ஆள் எடுக்கிறது. 2022இல் இந்தோனேசியாவிலிருந்து வந்த பழம் பறிப்போர் புரோக்கர்களுக்குக் கொடுத்த பணத்தால் கடனில் மூழ்கிய செய்தி பிரிட்டன் பத்திரிகைகளில் வந்தது. கண்டிப்பான சட்டம் உள்ள நாட்டிலும் பருவ வேலையைக் கடன் தின்றுவிடும் என்பதற்கு அது சாட்சி. பட்டதாரிகளுக்கென்று 2023இல் பிரிட்டன்-இந்தியா இளம் வல்லுநர் திட்டம் வந்தது: ஆண்டுக்கு 3,000 இடம், 18 முதல் 30 வயது, குலுக்கல், கையில் 2,530 பவுண்டு சேமிப்பு காட்ட வேண்டும். 2024இல் ஆஸ்திரேலியா இந்திய இளைஞர்களுக்கு ஆண்டுக்கு 1,000 ‘வேலையும் விடுமுறையும்’ விசா அறிவித்தது. முதல் குலுக்கலுக்கு ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். அங்கும் 5,000 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கான ‘கோடை வேலைப் பயணம்’ என்ற இன்னொரு ஜே-1 பிரிவு இருக்கிறது. ஓட்டலிலும் கடையிலும் வேலை, ஆண்டுக்கு 1,09,000 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு.

இவற்றை எல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பட்டது இது. கங்காணி தேடியது ஊரில் ஒன்றுமில்லாதவரை. நிலமும் கடன் இல்லாத வீடும் இருப்பவர் அவருக்கு ஆகாது; எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடுவார். சென்னையில் ஜே-1 நேர்காணல் நடத்தும் அதிகாரி தேடுவது நேர்மாறானவரை. விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணமுள்ளவர் என்று வைத்துக்கொண்டுதான் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் தொடங்குகிறது. அப்படி இல்லை என்று காட்டும் பாரம் விண்ணப்பித்தவருடையது. படிப்பு பாதியில் இருக்கிறது, வேலை காத்திருக்கிறது, குடும்பம் இருக்கிறது என்று சொல்லி நம்பவைக்க வேண்டும். மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தின் பட்டாவை அந்த அதிகாரி எவ்வளவுக்கு மதிப்பார் என்பது அவருக்கே வெளிச்சம். திரும்பி வர வழியுள்ளவரை மட்டும் அழைப்பதால்தான் முகாம் விசா இத்தனை ஒழுங்காக இருக்கிறது. அதே காரணத்தால்தான் ஆனி ஆடியில் உண்மையிலேயே வேலை தேவைப்படுகிறவருக்கு அது எட்டாமல் போகிறது.

ஆனி ஆடியில் சும்மா இருப்பவர் நாற்பது வயது விவசாயி; ஆங்கிலம் தெரியாது. விசாவுக்குத் தகுதியுள்ளவர் அவருடைய மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு ஆனி ஆடியில் விடுமுறை இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மே மாதமும் ஜூன் முதல் பாதியும்தான் விடுமுறை. பிறகு பருவம் தொடங்கிவிடும். முகாமோ ஜூன் நடுவில் பயிற்சியோடு ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசியில் முடியும். இரண்டு மாத வருகைப்பதிவு போய்விட்டால் தேர்வு எழுத விட மாட்டார்கள். பள்ளி ஆசிரியரும் ஜூனில் வகுப்புக்குப் போயாக வேண்டும். மெக்சிகோ மாணவருக்கோ பிரிட்டன் மாணவருக்கோ இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் குறைவாக இருப்பதற்கு விசாக் கெடுபிடியைக் காரணம் சொல்வது வழக்கம். அது பாதிதான், மறுபாதி நம் கல்லூரி நாட்காட்டி.

விசா நிலையும் உறுதியில்லாதது. 2025 மே கடைசியில், முகாம்கள் தொடங்க மூன்று வாரமே இருந்தபோது, சமூக ஊடகச் சோதனையை விரிவாக்குவதற்காக அமெரிக்கா மாணவர், பரிமாற்ற விசாக்களுக்குப் புதிய நேர்காணல் நேரம் ஒதுக்குவதை உலகம் முழுவதும் நிறுத்திவைத்தது. ஜூன் நடுவில்தான் மறுபடி திறந்தார்கள். பருவ வேலைக்கு மூன்று வாரத் தாமதம் என்பது அந்த ஆண்டே போய்விட்டது என்று பொருள். கடன் வாங்கி டிக்கெட் எடுத்திருந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

வாசல் குறுகலாக இருக்கிற இடத்தில் போலிகள் முளைப்பது இயற்கை. 2022இல் ‘தாய்லாந்தில் கணினி வேலை’ என்று அழைத்துப் போகப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு, அரசுகள் தலையிட்டு மீட்கப்பட்டார்கள். அவர்கள் படிக்காதவர்கள் இல்லை, பொறியாளர்களும் இருந்தார்கள். நல்ல ஆங்கிலமும் பட்டமும் இருந்துவிட்டால் ஏமாற மாட்டோம் என்ற நினைப்பை அந்த நிகழ்ச்சி உடைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் இந்தச் சீமையிலிருந்து முகாம் வேலைக்கு யாருமே போகக் கூடாதா? போகலாம், சிலர். உடற்கல்வி படிப்பவர், ஆசிரியர் பயிற்சி முடித்து இன்னும் பணியில் சேராதவர், சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்து பழகியவர், சிலம்பமோ களரியோ நீச்சலோ ஓவியமோ சான்றோடு கற்றவர் ஆகியோருக்கு அது நல்ல பள்ளிக்கூடம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென்றே நடக்கும் முகாம்கள் அமெரிக்காவில் உண்டு. அங்கே ஒரு கோடை வேலை பார்த்துவிட்டு வந்தவர் நம் ஊர்ச் சிறப்புப் பள்ளியில் சேர்ந்தால் அந்தப் பள்ளிக்கு லாபம். அடிப்பதில்லை, அதட்டுவதில்லை என்ற விதியின்கீழ் பத்துப் பிள்ளைகளைக் கட்டுக்குள் வைத்துப் பழகிய ஓர் ஆசிரியை எந்த வகுப்பறைக்கும் சொத்து. ஆனால் இவர்கள் போவது கற்றுக்கொள்ள. காசு மிச்சம்பிடிக்க இல்லை. வீட்டுக் கடனை அடைக்க, தங்கை கல்யாணத்துக்குச் சேர்க்க என்று கிளம்புகிறவருக்கு இந்த வேலை உதவாது. அவருக்குத் திருப்பூரே மேல் என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை.

கற்றுக்கொள்ளப் போகிற வாய்ப்பு காசுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடக் கூடாது என்றால் இரண்டு இடங்களில் முயற்சி வேண்டும். ஒன்று கல்லூரி. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அதன் இணைவுக் கல்லூரிகளும் கோடை முகாம் வேலையைப் பயிற்சிப்பணியாக ஏற்று, விடுபடும் வாரங்களுக்கு ஈடுசெய்ய வழி கொடுத்தால் நாட்காட்டிச் சிக்கல் தீரும். பயிற்சிப்பணிக்கு மதிப்பெண் கொடுக்கும் காலம் இது. விளையாட்டு வீரர்களுக்கு வருகைப்பதிவில் கொடுக்கிற சலுகையை இதற்கும் நீட்டுவது பெரிய காரியம் இல்லை. மற்றொன்று அரசு. தமிழ்நாடு அரசுக்கு 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. செவிலியர்களையும் ஓட்டுநர்களையும் அனுப்புவதோடு, அங்கீகாரம் பெற்ற ஏற்பாட்டாளர் ஒருவரோடு உடன்பட்டு ஆண்டுக்கு ஐம்பது பேரை அனுப்ப அதனால் முடியும். விமானக் கட்டணத்தை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, திரும்பி வந்ததும் பிடித்துக்கொள்ளலாம். விருதுநகரும் ராமநாதபுரமும் ஒன்றிய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் 2018இலேயே இடம்பெற்றவை; முதல் ஐம்பதை இங்கிருந்து எடுக்க நியாயம் இருக்கிறது. கங்காணி கொடுத்த முன்பணத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். இந்தக் கடன் ஆளைக் கட்டிப்போடாது. எந்த முகாமுக்கும் விற்க முடியாது. நான்கு மாதத்தில் விசாவே திருப்பி அனுப்பிவிடும்.

அது நடக்கிற வரைக்கும், சொந்தமாக முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முகாம்கள் அடுத்த கோடைக்கான ஆட்களை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தேடத் தொடங்கிவிடும். நம் விதைப்பு முடிகிற ஐப்பசிக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். ஏற்பாட்டாளரின் பெயர் வெளியுறவுத் துறைப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முகாமின் பெயர், ஊர், வேலை நாட்கள், தொகை நான்கும் எழுத்தில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். சித்திரையில் ஒருவர் வீடு தேடி வந்து, இடம் காலியாக இருக்கிறது, இரண்டு லட்சம் கட்டினால் அடுத்த மாதம் ஏற்றிவிடுகிறேன் என்று சொன்னால், மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.